மழுங்கிய கத்திதான் விரலை எடுக்கிறது

அக்டோபர் 1 அன்று மிச்சிகனில் மானுக்கான வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. கை அறுவை சிகிச்சை மருத்துவரான எனக்கு அந்தத் தேதி மறப்பதே இல்லை. இடது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் அதன் பிறகுதான் கூடுகிறார்கள். அண்மைக் காலமாக அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். டெட்ராய்டைச் சுற்றியுள்ள கார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் வார இறுதியில் வடக்கே போய் மரங்களுக்கு இடையே ஹேமக் கட்டிப் படுக்கிறார்கள், சக ஊழியர்களோடு வில் வேட்டைக்கும் போகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அண்மையில் வந்த ஒரு தம்பியின் விரலைத் தைத்து முடித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹேமக் கயிற்றை அறுக்கப் போனவர், விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களையும் ஒரு பக்க நரம்பையும் அறுத்துக்கொண்டு வந்திருந்தார். கையில் இருந்தது முக்கால் அடிக் கத்தி. கயிறு அறுக்க எதற்கு இவ்வளவு பெரிய கத்தி என்று கேட்டேன். "காட்டுக்குப் போகிறோமே டாக்டர்" என்றார். சாணை பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். "வேண்டுமென்றேதான் பிடிக்கவில்லை. கூராக இருந்தால் கையை வெட்டிவிடும் அல்லவா?" என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. படித்தவர்கள், இயந்திரங்களை வடிவமைப்பவர்கள், கத்தி விஷயத்தில் மட்டும் இப்படி நம்புகிறார்கள். மழுங்கிய கத்தியால் பழுத்த தக்காளியை நறுக்கிப் பாருங்கள். தோலில் வழுக்கும், அழுத்துவீர்கள், இன்னும் அழுத்துவீர்கள், சட்டென்று உள்ளே இறங்கும். இறங்கிய கணத்தில் உங்கள் கையில் இருந்த பலம் முழுவதும் எங்கே போகிறது? எதிரில் பிடித்திருக்கும் மற்றக் கைக்குத்தான் போகிறது. கூரான அலகுக்குப் பலமே வேண்டாம், போகும் திசையைக் காட்டினால் போதும். பலம் குறைவாக இருக்கும்போது கை தவறினாலும் கத்தி பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. மழுங்கிய கத்தியைப் பிடித்தவரோ தோளில் இருந்து பலம் கொடுத்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கை தவறினால் கத்தி எலும்பில்தான் நிற்கும். காயத்தின் ஓரமும் பிய்ந்து கந்தலாக இருப்பதால் தைப்பதும் கடினம். அறுவை அரங்கில் நாங்கள் அலகு மழுங்கியது என்று தெரிந்தவுடன், பாதி அறுவையில்கூட, வேறு அலகு கேட்டு வாங்குகிறோம். அது நோயாளியின் பாதுகாப்புக்காகச் செய்வது. ஆகவே தயவுசெய்து, கூர் இல்லாத கத்தியைப் பாதுகாப்பான கத்தி என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அடுத்தது அளவு. ஒரு மானின் வயிற்றைத் திறந்து குடலை எடுக்க மூன்று முதல் நான்கு அங்குல அலகு போதும். மார்புக் கூட்டுக்குள் கையை விட்டு மூச்சுக்குழாயை அறுக்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு கை குழாயைப் பிடித்திருக்கும், மறு கை கத்தியோடு தடவிக்கொண்டு போகும். நீண்ட கத்தியின் முனை அங்கே முதலில் கண்டுபிடிப்பது உங்கள் விரலைத்தான். மடக்குக் கத்தியைவிட மடக்காத கத்தி நல்லது. பூட்டு இல்லாத மடக்குக் கத்தி விரல் மேலேயே மூடிக்கொள்ளும், அதன் இடுக்கில் கொழுப்பும் முடியும் புகுந்துவிடும். பிடி சொரசொரப்பாக இருக்கட்டும். இரத்தமும் கொழுப்பும் படிந்தால் வழவழப்பான மரப்பிடி கையில் நிற்காது. பிடி செம்மஞ்சள் நிறத்தில் இருந்தால் இலைச் சருகில் விழுந்தாலும் கண்ணில் படும்.

எந்த எஃகு என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். விலை உயர்ந்த, மிகக் கடினமான எஃகு நீண்ட நாள் கூர் தாங்கும், உண்மைதான். ஆனால் மழுங்கினால் முகாமில் சிறு கல்லில் தேய்த்துக் கூராக்குவது பாடு. சாணை பிடிக்கப் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு 12சி27 போன்ற சாதாரணத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. முதலில் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு எஃகைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் அறுவைக் கத்தியைப் போலவே அலகை மாற்றிக்கொள்ளும் தோலுரிப்புக் கத்திகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. கூர் அருமை. ஆனால் மெல்லிய அலகு. மூட்டுக்குள் விட்டுத் திருகினால் ஒடிந்து துண்டு இறைச்சிக்குள்ளேயே தங்கிவிடும். அதைவிட மோசம், பழைய அலகை வெறும் விரலால் கழற்றுவது. பழகிய நாங்களே கருவியால் பிடித்துத்தான் கழற்றுகிறோம். ஒரு சிறு இடுக்கி எடுத்துப் போவதற்கு என்ன கஷ்டம்?

இதையெல்லாம் நம்மவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. இங்கே பிறந்த பையன் தாத்தாவோடு போய் மான் தோல் உரிப்பதைப் பார்த்து வளர்கிறான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம். நம் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் கிடைக்க வழியில்லை. ஆகவே கூச்சப்படாமல், அனுபவம் உள்ள ஒருவரின் பக்கத்தில் நின்று முதல் மானை உரியுங்கள்.

ஹேமக் முகாமுக்கு வருகிறேன். கோடரி வேண்டாம். விறகுக்கு ஒரு மடக்கு ரம்பம் போதும். கயிறு அறுக்க மிக நல்ல கருவி ஒரு சிறு கத்தரிக்கோல். அந்தத் தம்பியிடம் அது இருந்திருந்தால் என்னைப் பார்க்கவே வந்திருக்க மாட்டார். எடை தாங்கி விறைப்பாக நிற்கும் கயிற்றை ஒருபோதும் அறுக்காதீர்கள், முடிச்சைத் தளர்த்திய பிறகு அறுங்கள். மரத்தில் கட்டுவதற்கு ஓர் அங்குலமாவது அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். மெல்லிய பாராசூட் கயிறு 250 கிலோ தாங்கும் என்று கணக்குச் சொல்வார்கள். 80 கிலோ எடையுள்ளவர், கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் இருக்கும்படி கட்டினால் ஒவ்வொரு பக்கமும் இழுவை 80 கிலோ. தொய்வில்லாமல் இழுத்துக் கட்டிச் சாய்வு 10 பாகை ஆனால் அது 230 கிலோவாகிறது. முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலமும் குறைகிறது. நாற்காலி உயரத்துக்கு மேல் கட்டாதீர்கள், பட்ட மரத்தில் கட்டவே கட்டாதீர்கள். கயிறு அறுந்து கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு உடைந்து வருபவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

அம்பு விஷயம் சுருக்கமாக. வேட்டை முனைகள் சவர அலகுகள். திருகி மாட்ட அதற்கென உள்ள சாவியைப் பயன்படுத்துங்கள், விரல்களை அல்ல. அம்புகளை முனை மூடிய தூணியில் வையுங்கள். மரத்தில் உள்ள மேடைக்கு ஏறும்போது வில்லையும் அம்பையும் கீழே விட்டு, கீழே விழாமல் தாங்கும் உடல் பட்டியை மாட்டிக்கொண்டு ஏறி, பிறகு கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். கார்பன் அம்பை எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்ட அம்பு நாணை விடும்போது சிதறி, வில் பிடித்த கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிம்பு சிம்பாகப் பாயும். அந்தச் சிம்புகள் எக்ஸ்ரேயில் எளிதில் தெரிவதில்லை. தேடி எடுப்பது எங்களுக்கும் உங்களுக்கும் நரகம்.

உட்கார்ந்து வெட்டும்போது கத்தி தொடைகளுக்கு நடுவே வரக் கூடாது. உள்தொடையில் ஓடும் தமனி அறுந்தால் நிமிடங்களில் உயிர் போய்விடும். கத்தி பிடிக்காத கையில் வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள். அது கிழிவதைத் தடுக்கும், குத்துவதைத் தடுக்காது. பையில் முறையான டூர்னிகே, அதாவது கை கால்களை இறுக்கிக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை, ஒன்று இருக்கட்டும். இடுப்பு பெல்ட் அந்த வேலையைச் செய்யாது.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். விரல் துண்டானால் துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். நேரடியாகப் பனிக்கட்டியில் போட்டால் திசு கெட்டுவிடும்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். காயம் சிறியது, இரத்தம் நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். விரல் நுனி மரத்திருக்கிறதா, மடங்குகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அரை அங்குலக் காயத்துக்குள் தசைநாண் முழுதாக அறுந்திருக்கலாம். முதல் ஒரு வாரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் நேரடியாகச் சேர்த்துத் தைக்க முடியும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விடும். அப்போது வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், விரல் பழையபடி மடங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.