ஐபிஎம் ஹார்ட் டிஸ்க்: இருபது மைக்ரானில் தொடங்கிய பயணம்

1952-ல் ஐபிஎம் நிறுவனம் ரெனால்ட் ஜான்சன் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியரை கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்கு அனுப்பி, அங்கே ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கச் சொன்னது. அந்தக் காலத்தில் கம்பெனிக் கணக்கெல்லாம் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும்தான். நாடாவில் நடுவில் இருக்கும் ஒரு பதிவு வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஓட்டித் தள்ள வேண்டும். நேரே போய் எடுக்க ஒரு வழி தேவைப்பட்டது.

1956-ல் அந்த வழியாக ராமாக் என்ற ஹார்ட் டிஸ்க் வந்தது. 24 அங்குல அலுமினியத் தட்டுகள் 50, நிமிடத்துக்கு 1200 சுற்று, எடை கிட்டத்தட்ட ஒரு டன். இவ்வளவும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்ளும், அதாவது இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அளவு. காந்தப்பூச்சைத் தட்டில் சீராகப் பூசுவதே பெரும்பாடாக இருந்தது. கடைசியில் இரும்பு ஆக்சைடு கலந்த பெயின்டைப் பட்டுக் காலுறையில் வடிகட்டி, சுழலும் தட்டின் நடுப்பக்கம் ஊற்றினார்கள். அது தானாகவே விளிம்புவரை பரவிக்கொண்டது.

ஹார்ட் டிஸ்க்கில் எல்லாமே அடங்கியிருப்பது தட்டுக்கும், அதில் எழுதிப் படிக்கும் முனையான ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். தட்டில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1-உம், ஒரு குட்டிக் காந்தப்பகுதி. பகுதி சிறிதாகச் சிறிதாக அதன் காந்தப்புலம் மேலே எட்டும் தூரமும் குறைந்துகொண்டே போகும். கொஞ்சம் விலகி நின்றால் பக்கத்துப் பக்கத்து பிட்கள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அதனால் அதே இடத்தில் அதிகம் எழுத வேண்டுமா, ஹெட் இன்னும் கீழே இறங்க வேண்டும், ஆனால் தட்டில் உரசவும் கூடாது.

ராமாக்கில் இந்த இடைவெளி சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கம்ப்ரஸரிலிருந்து காற்றை ஹெட் வழியாகப் பீய்ச்சி அந்த இடைவெளியைக் காத்தார்கள். நூறு பக்கங்களுக்கும் தனித்தனி ஹெட் வைத்தால் அத்தனைக்கும் காற்று யார் கொடுப்பது? அதனால் ஒரே கை மேலும் கீழும் ஓடி, தட்டுகளுக்கு நடுவே நுழைந்து தேடியது. ஒரு பதிவை எடுக்க சராசரியாக 0.6 நொடி.

என்னைக் கேட்டால் ஐபிஎம்மின் ஹார்ட் டிஸ்க் பிரிவின் மிகப் பெரிய சாதனை 1961-ல் அறிவிக்கப்பட்ட 1301 என்ற மாடல்தான். சுழலும் தட்டு தன்னோடு ஒட்டிய காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது இல்லையா, அந்தக் காற்றின் மேலேயே மிதக்கும்படி ஹெட்டின் அடிப்பக்கத்தை வடிவமைத்தார்கள். மேலிருந்து ஸ்பிரிங் அழுத்தும்; ஹெட் தாழ்ந்தால் அடியில் காற்றழுத்தம் கூடித் திருப்பித் தள்ளும், உயர்ந்தால் அழுத்தம் குறைந்து ஸ்பிரிங் இறக்கிவிடும். யாரும் கட்டுப்படுத்தாமல் இடைவெளி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. கம்ப்ரஸர் போனது, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஹெட் வந்தது, கை மேலும் கீழும் அலையும் வேலையும் ஒழிந்தது. இன்றைய டிஸ்க்குகளும் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.

1973-ல் வின்செஸ்டர் என்று அழைக்கப்பட்ட 3340 மாடல் வந்தபோது இடைவெளி சுமார் அரை மைக்ரான். அந்த அளவில் ஒரு தூசி போதும், ஹெட் தட்டில் மோதிப் பூச்சையே சுரண்டிவிடும். எனவே தட்டையும் ஹெட்டையும் ஒரே பெட்டிக்குள் மூடி வைத்தார்கள்.

அப்புறம் வேறொரு சிக்கல்: பிட் சுருங்கச் சுருங்க சிக்னலே மங்கியது. 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ருன்பெர்க்கும் தனித்தனியாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். சில அணுக்கள் தடிமனே உள்ள காந்த அடுக்குகளின் நடுவே காந்தமில்லாத உலோகத்தை வைத்தால், அடுக்குகளின் காந்தத்திசை ஒன்றாக இருக்கும்போது மின்தடை குறைகிறது, எதிரெதிராக இருக்கும்போது நன்றாகவே கூடுகிறது. இதற்கு 2007-ல் நோபல் கிடைத்தது. ஆய்வகத்தில் மெல்ல மெல்ல வளர்த்த அந்த அடுக்குகளைத் தொழிற்சாலை முறையிலேயே படியவைக்கலாம் என்று காட்டியவர், ஐபிஎம்மின் ஆல்மடென் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டூவர்ட் பார்க்கின். அப்படிப்பட்ட அடுக்குகளை ஹெட்டில் வைத்தால், மங்கிய காந்தப்புலத்தையும் மின்தடை மாறுவதை வைத்தே படித்துவிடலாம். 1997-ல் இந்த ஹெட்டோடு 16.8 ஜிபி டெஸ்க்ஸ்டார் என்ற ஐபிஎம் டிஸ்க் விற்பனைக்கு வந்தது.

ஆனால் அடுத்தடுத்து வந்த டெஸ்க்ஸ்டார்களில் 75ஜிஎக்ஸ்பி மாடல் நிறையப் பேருக்குப் பழுதாகி, வழக்குவரை போனது. விலைப்போட்டியும் கடுமை. 2002-ல் ஹார்ட் டிஸ்க் பிரிவையே ஹிட்டாச்சிக்கு 205 கோடி டாலருக்கு விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. 2012-ல் அது வெஸ்டர்ன் டிஜிட்டல் கைக்குப் போனது. இன்று தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி ஒருசில நானோமீட்டர்தான் (ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால் ஒரு மைக்ரான்). படிக்கும்போதும் எழுதும்போதும் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய ஹீட்டர் அதன் முனையைச் சூடாக்கி, விரிவடைய வைத்து, அந்தக் கடைசித் துளித் தூரத்தையும் குறைக்கிறது.