வியூகமா, தாயக்கட்டையா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் உயர்தர மாணவர் நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். ஃபுட்போல் மெனேஜர் விளையாட்டில் அவருடைய அணி 4-4-2 அமைப்பில் (பின்களத்தில் நான்கு, நடுக்களத்தில் நான்கு, முன்களத்தில் இருவர்) தொடர்ந்து மூன்று போட்டிகளில் தோற்றதாம். உடனே 4-3-3க்கு மாறினார். எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கும்படி பிரெஸ்ஸிங்கைக் கூட்டினார். வாரப் பயிற்சியில் பாதியைத் தாக்குதலுக்கு ஒதுக்கினார். அடுத்த ஐந்து போட்டிகளும் வெற்றி. "எல்லாம் லக்கடா" என்கிறானாம் கூட்டாளி. "என் டக்டிக் உண்மையில் வேலை செய்ததா? அதை எப்படிச் சோதிப்பது?" என்பது கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதே கேள்வியைத்தான் மருந்து ஆராய்பவரும் நெல் ஆராய்பவரும் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இங்கிலாந்தில் இரண்டு சகோதரர்கள் எழுதி 1992இல் வேறு பெயரில் வெளிவந்தது. 2004இலிருந்து இந்தப் பெயரில் வருகிறது. இதில் நீங்கள் பந்தை உதைப்பதில்லை. வீரர்களைத் தெரிவுசெய்கிறீர்கள், பயிற்சி கொடுக்கிறீர்கள், வியூகம் வகுக்கிறீர்கள். ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பாஸ், கோலடிப்பு என்று பல திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை ஓர் எண். போட்டி நடக்கும்போது கணினி இந்த எண்களோடு தற்செயல் எண்களையும் கலந்து ஒவ்வொரு பாஸையும் ஒவ்வொரு உதையையும் தீர்மானிக்கிறது. அதனால்தான் சேவ் செய்த அதே போட்டியை மீண்டும் லோட் செய்து ஆடினால், ஒன்றையும் மாற்றாமலே வேறு முடிவு வருகிறது. இந்தத் தற்செயலைப் புரிந்துகொண்டால் மாணவரின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சரி, ஒரு லூடோ தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 90 நிமிடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக ஒன்பது துண்டாக்குங்கள். ஒரு துண்டுக்கு ஒரு தடவை உருட்டுங்கள். ஆறு விழுந்தால் கோல், வேறெது விழுந்தாலும் கோல் இல்லை. ஒன்பது தடவை உருட்டினால் ஒரு போட்டி முடிந்தது. ஒன்பதை ஆறால் பிரித்தால் 1.5, அதாவது சராசரியாகப் போட்டிக்கு ஒன்றரை கோல். நடுத்தரமான ஓர் அணிக்கு இது பொருத்தமான கணக்கு.

போன ஞாயிறு மழைக்குள் வெள்ளவத்தை வீட்டில் என் அக்காவின் மகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தேன். அவளுக்குப் பத்து வயது. இங்கிலாந்து பிரிமியர் லீக்கைப் போல ஒரு பருவத்துக்கு 38 போட்டிகள், 342 உருட்டல்கள். பத்துப் போட்டிகளில் கோலே இல்லை. பதினான்கில் ஒரு கோல், எட்டில் இரண்டு, ஐந்தில் மூன்று, ஒன்றில் நான்கு. மொத்தம் 49. தேநீருக்குப் பிறகு இரண்டாவது பருவம் உருட்டினோம், மொத்தம் 63. "மாமா, ரெண்டாவது சீசன் நான் நல்லா உருட்டினனான்" என்றாள் பிள்ளை. கட்டை அதே கட்டை, தரை அதே தரை. பதினான்கு கோல் வித்தியாசம் எங்கிருந்தோ வந்து நிற்கிறது, அதற்கு ஒரு காரணமும் சொல்லத் தோன்றுகிறது.

துண்டுகளை இன்னும் சிறிதாக்குங்கள். ஒரு நிமிடத்துக்கு அறுபதில் ஒன்று என்ற வாய்ப்பு. பிறகு ஒரு செக்கனுக்கு இன்னும் நுண்ணியது. சராசரி 1.5ஆகவே இருக்கட்டும். துண்டுகள் சிறுக்கச் சிறுக்க, முடிவுகள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை நோக்கிப் போய் நிற்கின்றன. பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் 1837இல் எழுதிவைத்த வடிவம் அது. இன்று புவாசோன் பரம்பல் என்கிறோம். அரிதாக நடக்கும் ஒன்று, நடப்பதற்கு எக்கச்சக்கமான சந்தர்ப்பங்கள், ஒரு சந்தர்ப்பம் இன்னொன்றைப் பெரிதாகப் பாதிக்காது: இந்த மூன்றும் சேரும் இடமெல்லாம் இந்த வடிவம் வந்துவிடும்.

1898இல் போர்ட்கியேவிச் என்ற புள்ளியியலாளர் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள், 122 மரணங்கள். 109 பதிவுகளில் மரணமே இல்லை. 65இல் ஒன்று, 22இல் இரண்டு, 3இல் மூன்று, 1இல் நான்கு. "பதிவுக்குச் சராசரி 0.61" என்ற ஒற்றை எண்ணை மட்டும் புவாசோனிடம் கொடுத்தால், அவருடைய சூத்திரம் 109, 66, 20, 4, 1 என்று திருப்பித் தருகிறது. எந்தக் குதிரை, எந்த வீரன், எந்த லாயம் என்று ஒன்றும் கேட்காமலே. இந்த இரண்டு வரிசைகளையும் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில் எனக்கு இரவு சரியாக நித்திரை வரவில்லை. குதிரையின் காலும் முன்கள வீரரின் காலும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படுகின்றன.

இந்தப் பரம்பலின் மிக அழகான குணத்தை இனித்தான் சொல்லப்போகிறேன். உயர்தரத்தில் மாறற்றிறன் படித்திருப்பீர்கள். சிதறலின் அளவு அது. மற்றப் பல பரம்பல்களில் சராசரி ஒரு பக்கம், மாறற்றிறன் இன்னொரு பக்கம்; ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. புவாசோனில் இரண்டும் ஒரே எண். 38 போட்டிகளுக்கு, போட்டிக்கு ஒன்றரையாக, சராசரி 57 கோல் என்றால் மாறற்றிறனும் 57. அதன் வர்க்கமூலம், அதாவது நியம விலகல், ஏழரை. எனவே ஒரு போட்டிகூட ஆடுவதற்கு முன்பே, தற்செயல் எவ்வளவு தூரம் உங்களை ஏமாற்றக்கூடும் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் 49உம் 63உம் ஐம்பத்தேழிலிருந்து ஒரு நியம விலகல் அளவுக்கே தள்ளியிருக்கின்றன. அதாவது அங்கே விளக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

இதை வைத்து மாணவரின் அணிக்கு வருவோம். அவருடைய அணி போட்டிக்குச் சராசரி 1.5 கோல் அடிக்கிறது, 1.2 கோல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புவாசோன்களை மோதவிட்டால் வெற்றி 44 வீதம், சமநிலை 25 வீதம், தோல்வி 30 வீதம் என்று வருகிறது. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்று கூட்டினால் 38 போட்டிகளில் எதிர்பார்க்கும் புள்ளிகள் 60. நியம விலகல் 8. அதே அணி, அதே வியூகம், அதே பயிற்சி. ஆனாலும் மூன்றில் இரண்டு பருவங்களில் 52இலிருந்து 68க்குள் எங்கேயோ நிற்பார், மீதியில் அதற்கும் வெளியே போவார். 52 புள்ளி என்றால் அட்டவணையின் நடுப்பகுதி. 68 என்றால் செம்பியன்ஸ் லீக் இடத்துக்குப் போட்டி போடலாம்.

தொடர்ச்சியாக ஐந்து வெற்றி? குறிப்பிட்ட ஐந்து போட்டிகளையும் இந்த அணி வெல்வதற்கு அறுபதில் ஒரு வாய்ப்பு. ஆனால் ஒரு பருவம் முழுக்கத் தேடினால், எங்காவது ஓரிடத்தில் ஐந்து வெற்றி கோர்வையாக வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். கூட்டாளி சொன்னது பொய்யென்று இந்த ஐந்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி.

எதிர்ப்பக்கமும் இந்த அளவுகோல் வேலை செய்யும். இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டி அணி 2014–15இல் 41 புள்ளிகள், அடுத்த பருவத்தில் 81 புள்ளிகளோடு செம்பியன். இரண்டு பருவங்களின் வித்தியாசத்துக்குத் தற்செயல் தரக்கூடிய நியம விலகல் பதினொன்றோ பன்னிரண்டோதான். நாற்பது அதைப்போல மூன்றரை மடங்கு. அங்கே உண்மையாகவே ஏதோ மாறியிருக்கிறது.

அப்படியானால் எத்தனை போட்டி வேண்டும்? புது வியூகம் கோலை 1.5இலிருந்து 1.65ஆக உயர்த்துகிறது என்று வையுங்கள். பத்து வீத முன்னேற்றம். எந்தப் பயிற்சியாளரும் கொண்டாடும் அளவு. இந்த 0.15 கோல் முன்னேற்றம், கோல் வித்தியாசத்தின் (அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தது) இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலே தெளிவாகத் தெரிய, பழைய வியூகத்தில் சுமார் 1000 போட்டிகள், புதியதில் சுமார் 1000 போட்டிகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 26 பருவங்கள். காரணம் அந்த வர்க்கமூலம்தான்: போட்டிகளை நான்கு மடங்காக்கினால்தான் இரைச்சல், அதாவது தற்செயலின் ஏற்ற இறக்கம், பாதியாகும். தேடும் வித்தியாசம் பாதியானால் உழைப்பு நான்கு மடங்கு.

கொழும்பு சுகததாச அரங்கில் நிற்கும் நிஜப் பயிற்சியாளருக்கு இது நடக்காத காரியம். அவருக்கு ஒவ்வொரு போட்டியும் ஒரு தடவைதான். மாணவருக்கு மட்டும் சேவ் பொத்தான் இருக்கிறது, அது எவ்வளவு பெரிய வரம் என்று யோசிக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன். மூன்று தோல்விக்குப் பிறகு மாற்றினேன், வென்றேன் என்கிறார். மூன்று தோல்வி என்பதே அந்த அணியின் சராசரியை விடக் கீழான ஒரு கட்டம். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த போட்டிகள் பெரும்பாலும் முன்னேறியிருக்கும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் காட்டி, 1886இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் இதை விளக்கினார். மனிதர்கள் மருந்தையும் நேர்த்தியையும் தேடுவது நிலைமை மிக மோசமான நேரத்தில்தான். அதனால் எதைச் செய்தாலும் அது பலித்தது போலத் தெரியும். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட பாணி மருந்தை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை மறந்திருக்க மாட்டோம். குடித்தவர்களில் பலர் சுகமானார்கள். குடிக்காத தொற்றாளர்களிலும் பெரும்பாலானோர் சுகமானார்கள். இரண்டாவது வரியை யாரும் எண்ணவில்லை. பகிரங்கமாக அதைக் குடித்துக்காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. ஒப்பிடுவதற்கு ஒரு குழு இல்லாமல் எதையும் மக்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. நம் வயல்களில் பிஜி என்று தொடங்கும் நெல்லினங்கள் அங்கிருந்து வந்தவை. ஒரு புது இனம் நல்லதா என்று அறிய அவர்களுக்கும் இதே வர்க்கமூலக் கணக்குத்தான். ஆனால் அவர்களுக்கு லோட் பொத்தான் இல்லை; ஆண்டுக்குப் பெரும்போகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று. இருபது போகத் தரவு வேண்டுமென்றால் பத்து ஆண்டுகள் நிதி அறாமல் வர வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.1 வீதமளவுக்கே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறோம். இடையில் ஒரு வருடம் பணம் நின்றால், விட்டுப்போன போகத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நாடு முழுவதற்கும் திடீரென நிறுத்தியபோது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாவட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. விவசாயிகள் பட்டது போதாதென்று, அதிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் இழந்தோம்.

சரி, மாணவருக்கான செய்முறை. முதலில் பருவத் தொடக்கத்தில் ஒரு சேவ். ஒவ்வொரு தடவையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். தொடர்ந்து பல பருவம் ஆடினால் வீரர்கள் வளர்வார்கள், விலகுவார்கள், இரண்டாவது வருடம் சோதிப்பது வேறோர் அணியை. மெனேஜரை விடுமுறையில் அனுப்புங்கள். இருக்கும் வியூகத்தையே பயன்படுத்தவும், வீரர்களை விற்க வேண்டாமென்றும் உதவிப் பயிற்சியாளருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். ஒரே ஒரு லீக்கை மட்டும் லோட் செய்தால் வேகமாக ஓடும். வெற்றி தோல்வியை எண்ணாதீர்கள், கோல் வித்தியாசத்தை எழுதுங்கள். 5-0உம் 1-0உம் மூன்று புள்ளியாகச் சுருங்கும்போது நிறையத் தகவல் வீணாகிறது. உதைகளின் தரத்தைக் கூட்டிச் சொல்லும் எக்ஸ்ஜி எண் இருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்கள், அதில் இரைச்சல் இன்னும் குறைவு.

பயிற்சியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதன் பலன் மெதுவாக, மாதக் கணக்கில் ஊறுவது. அதைப் போட்டி முடிவில் தேடினால் கிடைக்காது. பருவம் முடிந்ததும் வீரர்களின் 1–20 எண்கள் எவ்வளவு நகர்ந்தன என்று பாருங்கள். காரணத்துக்குப் பக்கத்திலேயே அளப்பது எப்போதும் நல்லது.

மிச்சம் இரண்டு மாற்றங்கள்: அமைப்பு, பிரெஸ்ஸிங். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைச் சோதிக்கத் தோன்றும். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் வேலைசெய்த ரொனால்ட் ஃபிஷர் இதைவிடச் சிக்கனமான வழியைக் காட்டினார். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், நான்கு விதமாக: 4-4-2 பிரெஸ்ஸிங் இல்லாமல், 4-4-2 பிரெஸ்ஸிங்கோடு, 4-3-3 பிரெஸ்ஸிங் இல்லாமல், 4-3-3 பிரெஸ்ஸிங்கோடு. ஒவ்வொன்றுக்கும் 13 பருவங்கள், மொத்தம் 52, அதாவது 1976 போட்டிகள். அமைப்பைப் பார்க்கும்போது பாதிக்குப் பாதி 988. பிரெஸ்ஸிங்கைப் பார்க்கும்போதும் அதே போட்டிகளிலிருந்து மீண்டும் 988க்கு 988. தனித்தனியாகச் செய்தால், பழைய வியூகத்துக்கு 1000, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1000 என்று 3000 போட்டிகள் வேண்டியிருக்கும். அதோடு, பிரெஸ்ஸிங் 4-3-3இல் மட்டும் பலித்து 4-4-2இல் நடுக்களத்தைத் திறந்துவிடுகிறதா என்ற சந்தேகத்துக்கும் இந்த நான்கு கட்டத்தில் முதல் தடயம் தெரியும். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் இத்தனை போட்டிகளில் தெளிவாகத் தெரியும்.

பரீட்சை முடியட்டும், அப்புறம் ஓடவிடுங்கள். 52 பருவங்களின் கோல் வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.