ஜின்னும் திருநீற்றுப்பச்சிலையும்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 'லெ லியோன்' என்றொரு மதுக்கூடம் இருக்கிறது. அதன் உரிமையாளர் யோர்க் மையர், 2008ஆம் ஆண்டு கோடையில் ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஒரு கைப்பிடி பேசில் இலை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு காக்டெயில் உருவாக்கினார். முதலில் அதற்கு 'ஜின் பெஸ்டோ' என்று பெயர். பிறகு 'ஜின் பேசில் ஸ்மாஷ்' என்று மாறி உலகெங்கும் பரவியது. அதன் அழகே கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை நிறம்தான். ஆனால் வீட்டில் செய்து பார்க்கும் பலருக்குக் கிடைப்பது பாசி பிடித்த குளத்து நீர். நான்கே பொருட்கள், தவறு எங்கே நேர்கிறது?

இலையிலிருந்து தொடங்கலாம். பேசில் நமக்குப் புதிய செடி அல்ல. திருநீற்றுப்பச்சிலை என்று நாம் சொல்வதும் அதே இனம்தான். ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா விதை அதனுடையது. அதன் மணம் இலைக்குள் ஆழத்தில் இல்லை. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாகத் தேங்கியிருக்கிறது. இலையை விரலால் தொட்டாலே கமகமப்பது அதனால்தான். அந்த எண்ணெயில் லினலூல் என்ற பொருள் முக்கியமானது. ஜின்னின் அடிப்படை மணம் ஜூனிப்பர் காய்களிலிருந்து வருகிறது என்றாலும், பெரும்பாலான ஜின்களில் அதற்கு அடுத்த இடம் கொத்தமல்லி விதைக்கு. நம் தனியாதான். அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல். பேசிலும் ஜின்னும் இத்தனை இயல்பாக ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

மண எண்ணெய்கள் நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஜின்னில் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். சுரப்பிகள் உடைந்ததும் எண்ணெயை வாங்கிக்கொள்ள அது போதும்.

மணம் மட்டும் வேண்டுமென்றால் இலையை மெல்ல அழுத்தினால் போதும். நிறமும் வேண்டுமென்றால் செல்களையே உடைக்க வேண்டும். பச்சையம் அவற்றுக்குள் இருக்கிறது. அதுவும் ஆல்கஹாலில் கரையும். பள்ளியில் மாவுச்சத்துச் சோதனைக்காக இலையைச் சாராயத்தில் சூடாக்கி வெளுக்க வைத்தோமே, அதே வேலைதான் இங்கே சூடில்லாமல் நடக்கிறது. அதனால்தான் இந்த ஒரு காக்டெயிலில் இலையைத் தயங்காமல் நசுக்கச் சொல்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். செல் உடைந்தால் அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பீனால் பொருட்களும், அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதியும் சந்திக்கின்றன. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இந்த நொதியால்தான். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதை முடக்குகிறது. சாற்றிலுள்ள வைட்டமின் சி நிறமாற்றத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே இலையை உலர்வாக நசுக்கிவிட்டு எலுமிச்சையைத் தேடுவதைவிட, சாற்றிலேயே நசுக்குவது மேல்.

ஆனால் எலுமிச்சை நண்பன் மட்டுமல்ல. பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அமிலம் அதை வெளியேற்றி, அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைக்கிறது. உருவாகும் பொருளின் நிறம் மங்கிய ஆலிவ். கறுப்பைத் தடுத்த அதே சாறு, நேரம் போகப் போகப் பச்சையையும் தின்றுவிடுகிறது. விருந்தினர் வருவதற்கு முன்பே செய்து வைக்கும் கெட்டிக்காரத்தனம் இந்தப் பானத்திடம் செல்லாது. வடிகட்டியதும் குடித்துவிட வேண்டியதுதான்.

குளிர் இந்த வினையை மெதுவாக்குகிறது. ஷேக்கரில் நிறைய ஐஸ் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நொடி பலமாகக் குலுக்கினால், கலவை பூஜ்ஜியத்துக்கும் கீழே சில டிகிரி இறங்கும். ஒவ்வொரு கிராம் ஐஸும் உருகுவதற்கு 334 ஜூல் வெப்பத்தைப் பானத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்திருப்பதால் அந்தக் குளிரிலும் பானம் உறைவதில்லை. 60 மில்லி ஜின், சாறும் பாகும் தலா 20 மில்லி என்று எடுத்தால், இறுதிக் கோப்பையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உருகிய நீராக இருக்கும். அதை நட்டம் என்று நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பானம் தொண்டையைச் சுடும். குலுக்கியதை இரண்டு வடிகட்டிகளில் வடிக்க வேண்டும். இலைத் துணுக்குகள் தங்கினால் கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், பல்லிலும் ஒட்டும்.

புதினாவுக்கு இத்தனை முரட்டுத்தனம் ஆகாது. சுரப்பிகள் உடையும் அளவுக்கு அழுத்தினால் போதும், மிஞ்சினால் புல் வாடை வந்துவிடும். ரோஸ்மேரி இலை தடித்தது, நசுக்கினால் கசப்பே முந்தும். அதைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சூடாக்கி மணத்தை இறக்குவதே எளிது.

வாங்கிய பேசிலை ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னொரு பிழை. வெப்பநாட்டுச் செடியான அதன் செல்கள் பத்து டிகிரிக்கும் கீழான குளிரில் சிதைந்து, நசுக்குவதற்கு முன்பே இலை கறுத்துவிடும். காம்பை நீரில் நிறுத்திச் சமையலறை மேடையிலேயே வைத்தால் சில நாட்கள் தாங்கும்.