கோடுகள் ஒட்டிப்போனால் காரணமாகிவிடுமா?

தொற்றுநோய்ப் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே மாதிரி வரைபடத்தை அனுப்பிவிட்டார்கள். இரண்டில், ஒரு நாட்டின் கரியமில வாயு உமிழ்வு ஏறுகிறது, தொற்றுநோய்ச் சாவு இறங்குகிறது. ஆகவே புகையால் கெடுதல் இல்லையாம். மூன்றாமவர் நேர்மாறு: உமிழ்வோடு டெங்குவும் ஏறுகிறது, ஆகவே அந்த நாட்டுப் புகைதான் அந்த நாட்டு டெங்குவுக்குக் காரணமாம். சாட்சி, 0.9 என்ற ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு எண்கள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் அளவு (1 என்றால் முழு நெருக்கம்).

ஐயா, வருடா வருடம் ஒரே போக்கில் ஏறும் அல்லது இறங்கும் எந்த இரண்டு எண்களைச் சேர்த்து வைத்தாலும் கெழு பெரிதாகத்தான் வரும். 1926இலேயே உட்னி யூல் என்ற புள்ளியியலாளர் இதைப் போட்டுக் காட்டிவிட்டார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95! சர்ச்சில் கல்யாணம் செய்தால் ஆயுசு குறையும் என்று அர்த்தமா? இரண்டும் அந்தக் காலத்தில் குறைந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால், ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டைவிட எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அந்த நெருக்கம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

சீனா 2021இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. உலகில் அதிகம் உமிழும் நாடும் அதுவே. கொசுவலையும் மருந்தும் விடாப்பிடியான கண்காணிப்பும் செய்த வேலைக்குப் புகைபோக்கி பெயர் வாங்கக் கூடாது.

அப்புறம், ஒரு நாடு விட்ட கரியமில வாயு அந்த நாட்டுத் தலைக்கு மேலேயே நிற்பதில்லை. ஓரிரு ஆண்டில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். அதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கொசுவுக்குத் தெரிவது அந்த இடத்தின் வெப்பமும் மழையும்தான். ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு வழியாக டெங்கு பரவ ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் மிகத் தோதானது. காலநிலைக்கும் டெங்குவுக்கும் உறவு உண்டு, நான் மறுக்கவில்லை. அதைத் தேட வேண்டிய இடம் உள்ளூர் வெப்பக் கணக்கு, தேசிய உமிழ்வுப் பட்டியல் அல்ல.

பகிரும் முன் பாருங்கள்: உமிழ்வு மொத்தமா, தலைக்கு இவ்வளவா? படத்தின் அச்சுகள் எங்கே தொடங்குகின்றன? நோய் எண்ணிக்கை எப்படிப் பதிவானது? உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த டெங்கு எண்ணிக்கை 2000இல் சுமார் 5 லட்சம், 2019இல் 52 லட்சம். நோயும் பெருகியது, பரிசோதனையும் பதிவும் கூடவே பெருகின.

தயவுசெய்து, அடுத்த முறை தரவுக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் படத்துக்கு இனி பதில் போடப்போவதில்லை.