வாக்குவோல்: பேர் வெற்றிடம், உள்ளே உப்புச்சாறு

இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கடலோர உவர்நிலத்தில் உமரிச் செடி படர்ந்து கிடக்கும். இலை குட்டை, உருளை, சதைப்பற்று. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். இதைக் கீரையாக ஆக்குகிறவர்கள் முதலில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார்கள். பச்சை இலையை எத்தனை முறை அலசினாலும் போகாத உப்பு ஒரே கொதியில் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. அதுவரை அந்த உப்பு தங்கியிருந்த இடம் இலையின் செல்லுக்குள் சவ்வு சூழ்ந்த ஒரு சாற்றுப் பை. அதற்குத்தான் வாக்குவோல் என்று பெயர்.

லத்தீனில் 'வாக்குவுஸ்' என்றால் வெறுமை, காலி. வாக்குவம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஓல்' சிறுமையைக் குறிக்கும் விகுதி. ஆக, வாக்குவோல் என்றால் 'குட்டி வெற்றிடம்'. இந்தப் பேர் முதலில் செடிக்கு வைத்ததல்ல. ஒருசெல் உயிர்களுக்குள் நட்சத்திரம்போல விரிந்து சுருங்கும் புள்ளிகளை 1776-இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி பார்த்து, மூச்சு உறுப்பு என்று தவறாக நினைத்தார். அவற்றுக்கு வாக்குவோல் என்று பேரிட்டவர் பிரெஞ்சு விலங்கியலாளர் துஜார்தான், 1841-இல். மறு ஆண்டே தாவரவியலாளர் ஷ்லைடன் அதே சொல்லைத் தாவர செல்லின் சாறு நிரம்பிய பகுதிக்கும் எடுத்துக்கொண்டார். சாயமில்லாத வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் வைத்தால் செல்லின் நடுப்பகுதி வெறிச்சென்றுதான் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததைப் பேராக வைத்துவிட்டார்கள். அந்தப் பேரை நம்பி இன்றைக்கும் படம் வரைகிறவர்கள் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டத்தை விட்டுவிடுகிறார்கள். இலையின் எடையில் பெரும்பங்கு அந்த வட்டத்துக்குள் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

முதிர்ந்த தாவர செல்லில் வாக்குவோல் 80 முதல் 90 விழுக்காடு வரை இடம் பிடிக்கும். உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்டிரியா எல்லாம் சுவரோரமாக ஒரு மெல்லிய படலத்தில் ஒண்டிக் கிடக்கும். உள்ளே இருப்பது நீர், உப்புகள், சர்க்கரை, கரிம அமிலங்கள், நிறமிகள், சில செடிகளில் நஞ்சும்கூட. சாறு புளிப்பானது: பிஎச் சுமார் 5.5. வாக்குவோலுக்கு வெளியே செல்லில் இருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் அது 7-க்குச் சற்று மேல். இந்த வித்தியாசம் தானாக வருவதில்லை. வாக்குவோலைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் பம்புகள் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே தள்ளுகின்றன. அந்த அயனி வெளியே திரும்பும்போது அதற்கு ஈடாக ஒரு சோடியம் அயனியை உள்ளே இழுத்துவிடும் புரதமும் அதே சவ்வில் இருக்கிறது. உமரியின் பிழைப்பே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் ஓடுகிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்தச் சோடியம் அப்படியே சைட்டோபிளாசத்தில் நின்றால் நொதிகள் வேலை செய்யாது. உமரியின் நொதிகள் உப்பைத் தாங்கும் தனிரகம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நெல்லின் நொதி எவ்வளவு உப்பில் முடங்குமோ, கிட்டத்தட்ட அதே அளவில்தான் உமரியினுடையதும் முடங்கும். வித்தியாசம் உப்பை வைக்கும் இடத்தில். உமரி அதை வாக்குவோலில் அடைத்துவிட்டு, சைட்டோபிளாசத்தில் பீட்டேன் போன்ற தீங்கில்லாத கரிமப் பொருளைச் சேர்த்து இரண்டு பக்கத்தையும் சமன் செய்துகொள்கிறது. திருவாடானைப் பக்கம் உவர் ஏறிய வயலில் நெல் நுனி கருகுவதும், அடி இலைகள் முதலில் காய்வதும் இதன் மறுபக்கம்: வந்து சேரும் சோடியத்தைப் பழைய இலைகளால் அடைத்துவைக்க முடியவில்லை. 1999-இல் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் அந்தச் சோடியம் இழுக்கும் புரதத்தைக் கூடுதலாக உண்டாக வைத்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் உப்புள்ள நீரில் அது வளர்ந்தது. கடலின் உப்பில் அது மூன்றில் ஒரு பங்கு.

உப்பை உள்ளே வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உப்பு இருக்கும் பக்கம் நீர் போகும். அந்த நீர் செல்சுவரை உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால்தான் எலும்பில்லாத இலை விறைப்பாக நிற்கிறது. பல செடிகளில் இந்த அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைவிட அதிகம். கோடையில் உமரி செக்கச் செவேலென்று மாறுவதும் வாக்குவோலில் சேரும் நிறமியால்தான். காரங்காட்டு அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் வேறு வழி பிடிக்கும்: வேரிலேயே பெரும்பகுதி உப்பை மறித்து, மீறி வந்ததை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே கக்கிவிடும். அதன் இலையில் விரலைத் தேய்த்தால் உப்புத்தூள் ஒட்டும். உமரி இலையில் அப்படி ஒட்டாது, கடித்தால்தான் தெரியும்.

வாக்குவோலைக் கண்ணால் பார்க்க, அழகுக்கு வளர்க்கும் ரியோ செடியின் இலையும் ஒரு நுண்ணோக்கியும் போதும். மேலே பச்சை, அடியில் ஊதா. அந்த ஊதா முழுக்க வாக்குவோல் சாற்றில் கரைந்திருப்பது. இலையைக் குறுக்கே சாய்வாகக் கிழித்தால் அடிப்பக்கத்தில் கண்ணாடிபோல ஊதாத் தோல் நீளும். அரிசி அளவு வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டு, மூடியைச் சாய்த்து இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கறுத்த விளிம்போடு பளிச்சென்று தெரியும் அதைத்தான் மாணவர்கள் பாதிப் பேர் வாக்குவோல் என்று வரைகிறார்கள். இந்த மாவட்டத்தில் கிணற்று நீரையும் நம்ப வேண்டாம். பல இடங்களில் அதுவே உவர். மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளவும்.

முதலில் ஊதாக் கட்டங்கள் சுவரோடு சுவராக நிரம்பியிருக்கும். மூடியின் ஒரு பக்கம் இரண்டு சொட்டுக் கடல்நீர் விட்டு, எதிர்ப்பக்கம் ஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சவும். சில நிமிடங்களில் ஊதா சுவரை விட்டு விலகி உருண்டையாகச் சுருங்கும், நிறமும் அடர்த்தியாகும். நிறமி அதேதான், நீர் மட்டும் வெளியேறியிருக்கிறது. திரும்ப நல்ல நீர் விட்டால் விரியும். ஆனால் கடல்நீரிலிருந்து நேராக நல்ல நீருக்கு மாற்றினால் சில செல்கள் வெடித்துவிடும். இடையில் பாதிக்குப் பாதி கலந்த நீர் விடவும். அதிக நேரம் கடல்நீரிலேயே கிடந்த தோல் மீளாது. கொதிநீரில் முக்கி எடுத்த துண்டில் சுருக்கமே வராது, நிறம் ஒழுகித் தண்ணீர் ஊதாவாகும். சூட்டில் சவ்வு கெட்டுவிட்டது. உமரிக் கீரையை வேகவைத்து வடிக்கும்போது நடப்பதும் இதேதான்.

இனி தமிழ்ச் சொல். இலங்கைப் பாடநூல்கள் புன்வெற்றிடம் என்கின்றன. புன்செய்யில் வரும் அதே 'புன்', சிறுமைப் பொருளில். நுண்ணுறுப்பை அவர்கள் புன்னங்கம் என்பதும் இப்படித்தான். லத்தீனுக்கு எழுத்துக்கு எழுத்து நேர்மையான ஆக்கம், அழகும்கூட. அதனாலேயே லத்தீனின் பிழையும் சேர்ந்து வந்துவிட்டது. தமிழ்நாட்டில் நுண்குமிழ் என்றும், ஒலிபெயர்ப்பாக வாக்குவோல் என்றும் எழுதுகிறோம். குமிழ் நல்ல தேர்வு: சவ்வு சூழ்ந்த, உள்ளிருந்து உப்பிய ஒன்று என்று காட்டிவிடுகிறது. இடறுவது 'நுண்'. செல்லில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்திருப்பதை நுண் என்பது பொருந்தவில்லை. மன்னார் வளைகுடாவில் பாறையில் ஒட்டி வளரும் கடல் திராட்சைப் பாசி முழுவதுமே, உள்தடுப்பில்லாத, பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல். அதற்குள் இருப்பதைப் போய் நுண்குமிழ் என்றால் சிரிப்புத்தான் வரும்.

குமிழை வைத்துக்கொண்டு முன்னொட்டை வேலைக்குத் தக்கபடி மாற்றலாம் என்பது என் கருத்து. செடியில் இருப்பது சாற்றுக்குமிழ். அமீபா இரையை விழுங்கிச் செரிப்பது உணவுக்குமிழ். ஊருணித் தண்ணீரில் திரியும் ஒருசெல் உயிரான பாரமீசியத்தில் துடிப்பது சுருங்குகுமிழ். நன்னீர் ஓயாமல் உள்ளே கசிவதால் அது அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடல்வாழ் அமீபாக்களில் பெரும்பாலும் அது இருக்காது, வெளியே உள்ள உப்பும் உள்ளே உள்ள உப்பும் சரிக்குச் சரி என்பதால். ஸ்பல்லன்சானி பார்த்த நட்சத்திரம் இந்தச் சுருங்குகுமிழ்தான். தேர்வுத்தாளில் மட்டும் பாடநூல் சொல்லையே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான்.

வாக்குவோலைச் சுற்றியுள்ள சவ்வுக்கு 1885-இல் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ் வைத்த பேர் டோனோபிளாஸ்ட். கிரேக்கத்தில் 'டோனோஸ்' என்றால் இழுவிசை, விறைப்பு. குமிழ்ச்சவ்வு என்றாலே புரியும். விறைப்பு விட்டுப்போகக் கூடாது என்கிறவர்கள் விறைசவ்வு என்று எழுதலாம். வெற்றிடச் சவ்வு மட்டும் வேண்டாம்.