தோட்பட்டைப் பிடிப்பு: அழுத்துவதா, இழுப்பதா, தளரவிடுவதா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகைவேலை செய்பவர்கள் நாள் முழுக்கத் தலையைக் குனிந்து, தோளை ஏற்றி வைத்தபடியே இருப்பார்கள். பின்னேரமானால் நெற்றிப்பொட்டு இடிக்கும். கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியை மாற்றுவார்கள், இரண்டு பனடோலும் போடுவார்கள். எல்லாத் தலையிடியும் ஒன்றல்ல. ஆனால் இந்த வகை நோ பல நேரம் தோளிலிருந்து கிளம்புவது.

கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் இடையே உள்ள டிரப்பீசியஸ் தசையின் மேல்விளிம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். இறுகிய நார் ஒன்று விரலில் தட்டுப்படலாம். அதில் ஓரிடத்தை அழுத்தியதும் ஆள் துள்ளுவார். நோ பிடரிப் பக்கமாக ஏறி நெற்றிப்பொட்டுக்குப் போகும். அந்த இடம்தான் தூண்டற்புள்ளி, டிரிகர் பொயின்ற்.

எந்தத் தசையை அழுத்தினால் நோ எங்கே போகும் என்று படம் படமாக வரைந்து 1983இல் நூலாக்கியவர்கள் ஜேனட் டிராவலும் டேவிட் சைமன்ஸும். கென்னடியின் முதுகு நோவுக்கு வைத்தியம் பார்த்து, பிறகு வெள்ளை மாளிகை மருத்துவரானவர் இதே டிராவல்தான். இந்த மரபு தரும் விளக்கம் இது: நரம்பு தசையைத் தொடும் இடத்தில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசெட்டைல்கோலின் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அங்குள்ள நார் சுருங்கியபடியே நின்று, பக்கத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. ஒட்சிசன் குறைகிறது, தசைக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற பொருளும் குறைகிறது. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஏடிபி வேண்டும். அது கிடைக்காதபோது பிடிப்பு விடாது. 2005இல் ஆய்வாளர் ஜெய் ஷாவின் குழு மிக மெல்லிய ஊசியால் அந்த இடத்துத் திரவத்தை எடுத்துப் பார்த்தபோது, அமிலத்தன்மையும் பிராடிகைனின் போன்ற நோவூட்டும் பொருட்களும் கூடுதலாக இருந்தன.

சரி, கையால் என்ன செய்யலாம்? நம் சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்ற, உடலைப் பிடித்துவிடும் முறையிலேயே அழுத்தல், இழுத்தல், பிடித்தல் என்று ஒன்பது வகை உண்டு. இன்றைய இயன்மருத்துவர்கள் கையாளுபவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது அழுத்தம். முன்பெல்லாம் தோல் வெளிறும்வரை, ஆள் பல்லைக் கடிக்கும்வரை அழுத்தினார்கள். ஏற்கெனவே ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும் இடத்தில் மேலும் இரத்தத்தைத் தடுப்பதில் என்ன நியாயம்? சைமன்ஸ் குழுவே 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் அதைக் கைவிட்டது. விரலுக்குத் தசை எதிர்ப்புக் காட்டும் அளவோடு நிறுத்தி, அது இளகும்வரை காத்திருந்து, பிறகு சற்று உள்ளே போனால் போதும்.

இரண்டாவது தசையாற்றல் முறை. தலையை மறுபக்கம் சாய்த்து, தன் பலத்தில் கால்வாசிக்கும் குறைவாகத் தோளை வைத்தியரின் கைக்கு எதிராக உயர்த்தச் சொல்வார்கள். ஐந்து முதல் பத்து விநாடி. மூச்சை விட்டுத் தளர்ந்ததும் தசையை இன்னும் கொஞ்சம் நீட்டுவார்கள். இப்படி மூன்று நான்கு தடவை.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். 1955இல் லோரன்ஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஒஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் சீராக்கும் முறை) வைத்தியரிடம், நோவால் நித்திரையே கொள்ள முடியாத ஒருவர் வந்தார். எந்தச் சிகிச்சையும் பலிக்கவில்லை. நோகாத நிலை ஒன்றையாவது கண்டுபிடிப்போம் என்று தலையணைகளை முண்டு கொடுத்து அவரைக் கிடத்திவிட்டு ஜோன்ஸ் வேறு வேலைக்குப் போனார். திரும்பி வந்து எழுப்பியபோது மனிதர் நிமிர்ந்து நின்றார். அதிலிருந்து பிறந்த முறையில் தசையை நீட்டுவதே இல்லை. தலையை நோவுள்ள பக்கமே சாய்த்துத் தசையைக் குறுக்கி, 90 விநாடி சும்மா வைத்திருந்து, மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள்.

ஒன்று அமுக்குகிறது, ஒன்று நீட்டுகிறது, ஒன்று குறுக்குகிறது. ஆனால் ஒப்பிட்ட ஆய்வுகளில் மூன்றுமே உடனடியாக நோவைக் குறைக்கின்றன. வித்தியாசம் பெரிதாக இல்லை. பல ஆய்வுகள் சிறியவை, நீண்ட காலம் தொடராதவை என்பதையும் சொல்ல வேண்டும். தூண்டற்புள்ளி எங்கே என்பதில் இரண்டு வைத்தியர்கள் அடிக்கடி ஒத்துப்போவதில்லை என்ற விமர்சனமும் உண்டு. எனக்குப் படுவது இதுதான்: கட்டி நசுங்கிக் கரைவதால் சுகம் வருவதில்லை. தொடுகையும் மெல்லிய அசைவும் முண்நாணிலும் மூளையிலும் நோவின் செய்தியை அடக்குகின்றன. அப்படியானால் முழங்கையால் ஏறி மிதிக்கும் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பானேன்? கன்றிப்போவதுதான் மிச்சம்.

வீட்டில் செய்வதென்றால் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே டெனிஸ் பந்தை வைத்து, தோட்பட்டை எலும்பின் உட்பக்கத்தில் அரை நிமிடம் சாய்ந்து நில்லுங்கள். முள்ளந்தண்டின் மேல் வேண்டாம். அப்புறம் மேசையின் உயரத்தையும் பாருங்கள். தோள் ஏறியே இருந்தால் எந்தக் கைவைத்தியமும் மறுநாள் வரை தாங்காது. கை விறைத்தாலோ பலம் குறைந்தாலோ, தோள் நோவோடு நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினாலோ, எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.