தண்டனையிலிருந்து தொடங்க வேண்டாம்

பள்ளிகளில் சட்ட விழிப்புணர்வு முகாம் என்றால், பேச வருகிற பலரும் தண்டனையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். இதற்கு ஏழாண்டு, அதற்கு ஆயுள் என்று அடுக்கினால் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள்; கேள்வியும் கேட்க மாட்டார்கள். வேலூரில் வழக்காடிக்கொண்டே சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய்வருகிறவன் நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதலில் அறிய வேண்டியது, சட்டத்தின் பெயரால் தான் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதை.

குடியாத்தம் பக்கம் ஒரு வகுப்பில் 13 வயது மாணவி எழுந்தாள். "அம்மா சுற்றுகிற பீடிக்கு நான் நூல் கட்டிக் கொடுக்கிறேன். தப்பா சார்?"

14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம். பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவ அதிலேயே விலக்கு உண்டு. பீடிக்கும் தீப்பெட்டிக்கும் அந்த விலக்கு கிடையாது. இதைக் கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது. முதல் முறை என்றால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று அதே சட்டம் சொல்வதையும் விளக்கினேன். பாதிச் சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்தால் அந்த வீட்டில் பயம்தான் மிஞ்சும். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தால், மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தரும் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற பிள்ளைகளும் உடனே அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மனு எழுதவும் பழக்க வேண்டும். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுப்பதாக நினைத்து, ஊரில் பஸ் நிற்காததைப் பற்றி எழுதச் சொல்வேன். வணக்கமும் பணிவும் பத்தி பத்தியாக வரும். எந்த பஸ், எந்தத் தேதி, என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அதைத் திருத்தி எழுதவைத்து, நகல் வைத்துக்கொள்ளவும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கவும் சொல்லித்தருகிறேன்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம். அதற்கான எண் 15100. குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டே பேசத் தொடங்குங்கள்.

வகுப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளை தயங்கி நின்றால், பேச இடம் கொடுங்கள். எல்லார் முன்னாலும் விசாரிக்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். மறைப்பது குற்றம், அது ஆசிரியருக்கும் பொருந்தும், பேச வந்த வழக்கறிஞருக்கும் பொருந்தும்.